அடுக்ககத்தில் இல்லறம்: ஐந்து சமிதிகள் கற்பிக்கும் பாடம்

நம் ஊர்களில் வீடு என்பது வாசலில் தொடங்கிக் கொல்லையில் முடியும். இடையே திண்ணை, நடை, முற்றம், கூடம், சமையற்கட்டு, கிணற்றடி என்று ஒவ்வொன்றிற்கும் ஓரிடம் உண்டு. மாமியாருக்கும் மருமகளுக்கும் ஒரு சொல் தடித்துவிட்டால் ஒருவர் கொல்லைப்புறம் செல்வார். மற்றவர் திண்ணைக்கு வந்துவிடுவார். அரை நாழிகையில் சினம் தணியும். வந்தவாசி, ஆரணி, போளூர், செய்யாறு, திண்டிவனம், செஞ்சி வட்டங்களிலுள்ள நம் குடும்பங்கள் பல தலைமுறைகளாக இவ்வாறே வாழ்ந்து வந்துள்ளன.

இன்று நம் பிள்ளைகளுள் பலர் கல்வியாலும் தொழிலாலும் கடல் கடந்து வாழ்கின்றனர். அவர்களுடைய ஊதியத்தைப் பற்றியும் பதவியைப் பற்றியும் நாம் மகிழ்ந்து பேசுகிறோம். அவர்கள் குடியிருக்கும் வீட்டைப் பற்றிப் பேசுவது அரிது. திண்ணையும் கொல்லையும் இல்லாத அவ்வீட்டில் மூன்று தலைமுறையினர் ஒன்றாக இருக்க நேரும்போது இல்லறம் எவ்வாறு நடைபெறும்? இக்கேள்வியையே இவ்விதழின் பாடமாக எடுத்துக்கொள்வோம். நாம் சில வாரங்கள் தங்கி நேரில் கண்ட சிங்கப்பூரையே எடுத்துக்காட்டாகக் கொள்வோம்.

வீட்டின் இயல்பு

சிங்கப்பூரில் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் 1960-ஆம் ஆண்டு நிறுவப்பெற்றது. அடுத்த ஆண்டு புக்கிட் ஹோ சுவீ என்னும் குடிசைப் பகுதியில் மூண்ட பெருந்தீ பல்லாயிரவரை வீடற்றவர்களாக்கியது. அதன்பின் அடுக்குமாடி வீடுகள் மிக விரைவாக எழுந்தன. இன்று அந்நாட்டுக் குடிமக்களிலும் நிரந்தரவாசிகளிலும் பத்தில் ஏறத்தாழ எட்டுப் பேர் அக்கழகம் கட்டிய வீடுகளில்தான் வாழ்கின்றனர். வேலைக்காகச் செல்லும் நம்மவர் பெரும்பாலும் இவ்வீடுகளில் ஒன்றை வாடகைக்கு எடுக்கின்றனர்.

அங்கே கூடத்தையும் ஓர் அறையாகக் கணக்கிடுவர். ஆகவே மூவறை வீடு என்றால் இரண்டு படுக்கையறைகளும் ஒரு கூடமுமே உண்டு. அதன் பரப்பு ஏறத்தாழ 60 முதல் 65 சதுர மீட்டர். நம் கணக்கில் 700 சதுர அடிக்குள் அடங்கும். பழைய கட்டிடங்களில் குளியலறைக்கும் கழிவறைக்கும் சமையலறை வழியாகவே செல்ல வேண்டும். தூய்மை பேணி வளர்ந்த முதியோருக்கு இதுவே முதல் இடர்.

1989-ஆம் ஆண்டு முதல் ஒவ்வொரு கட்டிடத்திலும் சீனர், மலாய்க்காரர், இந்தியர் முதலிய இனத்தார் கலந்து குடியிருக்குமாறு விகிதம் வகுக்கப்பட்டுள்ளது. ஆதலால் மேல்வீட்டார், கீழ்வீட்டார், எதிர்வீட்டார் ஆகியோர் வெவ்வேறு மொழியும் சமயமும் உடையவராயிருத்தல் இயல்பு.

நாம் கண்ட குடும்பம்

நாம் தங்கியிருந்த குடும்பம் எமக்கு உறவு முறையுடையது. கணவன், மனைவி இருவரும் பணிக்குச் செல்பவர்கள். மூன்று வயதுக் குழந்தை ஒன்று. குழந்தையைக் கவனித்துக்கொள்ள, கணவனை இழந்த தாயாரை வந்தவாசிப் பக்கத்துச் சிற்றூரிலிருந்து ஆறு மாதங்களுக்கு வரவழைத்திருந்தனர். வீடு பதினோராம் மாடியில் இருந்தது.

முதல் மாதம் மகிழ்ச்சியாகவே கழிந்தது. பின்னர் ஓர் இரவு மகனும் மருமகளும் தங்கள் அறையில் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டிருந்தனர். "வீட்டில் இடமே போதவில்லை" என்று மருமகள் கூறியது அடுத்த அறையில் படுத்திருந்த தாயாரின் செவியில் விழுந்தது. அவர் எதுவும் கேட்கவில்லை. மூன்று நாட்கள் குறைவாகப் பேசினார், குறைவாக உண்டார். நான்காம் நாள் காலையில் மகனிடம், "தம்பி, எனக்கு ஊருக்குப் பயணச்சீட்டு எடுத்துவிடப்பா" என்றார். காரணம் கேட்டதற்கு, ஊர்க் கோயில் பூசையைக் காரணம் காட்டினார்.

இங்கே எவரும் தீயவர் அல்லர். எனினும் ஒரு குடும்பம் பிரியும் நிலை வந்தது. இதனைத் தீர்க்கும் வழியை நாம் புதிதாகத் தேட வேண்டியதில்லை. நம் ஆசாரியர்கள் முன்பே வகுத்துள்ளனர்.

சமிதி என்பது யாது?

முனிவர்களுக்கு ஐந்து மகாவிரதங்களோடு ஐந்து சமிதிகளும் மூன்று குப்திகளும் விதிக்கப்பட்டுள்ளன. தத்வார்த்த சூத்திரத்தின் ஒன்பதாம் அத்தியாயம் சமிதிகளை முறைப்படுத்திக் கூறுகிறது. சமிதி என்பது விழிப்புடன் செயலாற்றுதல். நடத்தல், பேசுதல், உண்ணுதல், பொருளை எடுத்தல் வைத்தல், கழிவை விடுத்தல் ஆகிய ஐந்து செயல்களிலும் பிற உயிர்க்குத் துன்பம் நேராமல் காத்தலே அதன் பொருள்.

இவை முழுமையாகத் துறவியர்க்கே உரியவை. இல்லறத்தாரின் கவனம் முனிவரின் சமிதிக்கு ஈடாகும் என்று நாம் கூறவில்லை. ஆயினும் இல்லறத்தானுடைய அணுவிரதம் முனிவருடைய மகாவிரதத்தின் சிறு வடிவமாய் இருப்பதுபோல, சமிதிகளையும் சிராவகர் தம் நிலைக்கேற்பப் பயிலலாம். பரந்த வீட்டைக்காட்டிலும் சிறிய வீட்டில் அப்பயிற்சி மிகுதியாகத் தேவைப்படுகிறது.

1. ஈரியா சமிதி: நடையில் கவனம்

முனிவர் நான்கு முழத் தொலைவு நிலத்தை நோக்கி, எவ்வுயிரையும் மிதியாமல் நடப்பர். அடுக்ககத்தில் நம் தரை மற்றொருவரின் கூரை. நம் காலடி அவர் தலைக்கு மேல் விழுகிறது.

பேச்சொலி காற்றின் வழியே செல்வது. கதவை மூடினால் பெரிதும் குறையும். காலடி, உலக்கை, நாற்காலி இழுத்தல் ஆகியவற்றின் ஒலியோ கான்கிரீட் தளத்தையே அதிரச் செய்து கீழே இறங்குகிறது. அதனைக் கீழ்வீட்டார் தம் பக்கத்திலிருந்து தடுத்தல் கடினம். ஒலி பிறக்கும் இடத்தில் மெத்தென்ற ஒரு விரிப்பை இட்டால் எளிதில் அடங்கும். ஆகவே தீர்வு மேலே இருப்பவர் கையில்தான் உள்ளது.

நாம் கண்ட வீட்டில் தாயார் தம் வழக்கப்படி கடிகாரம் ஐந்து காட்டியதும் எழுந்து, சிறிய கல்லுரலில் மிளகும் சீரகமும் இடிப்பார். சிங்கப்பூரிலோ ஆண்டு முழுவதும் கதிரவன் எழுவது காலை 7 மணியளவில்தான். ஐந்து மணி என்பது அங்கு நள்ளிருளே. ஒரு நாள் கீழ்வீட்டுச் சீன மூதாட்டி மேலே வந்து, கையைக் காதில் வைத்துத் தலையை அசைத்துக் காட்டிவிட்டுச் சென்றார். தாயார் அஞ்சிப்போனார், உரலையே ஒதுக்கிவிட்டார்.

உரலை ஒதுக்க வேண்டியதில்லை. அதன் கீழே நான்காக மடித்த சாக்கும் அதன்மேல் ரப்பர் விரிப்பும் இட்டு, இடிக்கும் நேரத்தைக் காலை ஒன்பதுக்கு மாற்றினோம். நாற்காலிக் கால்களுக்குக் கம்பளித் துண்டுகள் ஒட்டப்பட்டன. குழந்தை ஓடியாடக் கட்டிடத்தின் கீழ்த்தளம் இருக்கிறது. மாலையில் அங்கே அழைத்துச் செல்லும் வழக்கம் ஏற்பட்டது. அண்டை வீட்டு இரைச்சலை ஆராய அமைக்கப்பெற்ற சமூக ஆலோசனைக் குழு 2022-ஆம் ஆண்டில், இரவு 10 முதல் காலை 8 வரை அமைதி நேரமாகக் கொள்ளப் பரிந்துரைத்தது. சாமாயிகத்திற்கு நாம் விரும்பும் அமைதியைப் பிறர் உறக்கத்திற்கு நாம் தருதல் முறையன்றோ?

2. பாஷா சமிதி: பேச்சில் கவனம்

இதமாகவும் மிதமாகவும் ஐயத்திற்கு இடமின்றியும் பேசுதல் பாஷா சமிதி. "இடம் போதவில்லை" என்று அம்மருமகள் கூறியது ஐயத்திற்கு இடந்தரும் சொல். அவர் எண்ணியது அலமாரியைப் பற்றி. தாயார் எண்ணியது தம்மைப் பற்றி.

பேசக் கூடாது என்று இதனால் நாம் கூறவில்லை. பணி முடிந்து வரும் கணவன் மனைவியர்க்குத் தனித்துப் பேச ஓரிடம் வேண்டும். ஊரில் அதற்குத் தோட்டம் இருந்தது, அடுக்ககத்தில் இல்லை. ஆகவே அவ்விடத்தை வெளியே அமைத்துக்கொள்ள வேண்டும். இரவு உணவுக்குப் பின் இருபது நிமிடம் இருவரும் கீழே நடந்துவரட்டும். அப்பொழுது பாட்டி குழந்தைக்கு நம் தீர்த்தங்கரர் வரலாற்றைக் கதையாகச் சொல்லட்டும். நால்வருக்கும் அந்த இருபது நிமிடம் பயன் தரும்.

முதியோர்க்கும் ஒரு கடமை உண்டு. செவியில் விழுந்த சொல்லை மனத்தில் வைத்து வளர்த்தலினும், "அம்மா, நீ சொன்னது என் காதில் விழுந்தது. என்னைக் குறித்தா சொன்னாய்?" என்று மருமகளிடமே அன்புடன் கேட்டல் நன்று. எமது தூண்டுதலால் தாயார் அவ்வாறே கேட்டார். மருமகள் விம்மி அழுதுவிட்டார். "அத்தை, உங்கள் துணிகளை வைக்க ஓர் அலமாரிகூட ஒழித்துத் தர முடியவில்லையே என்றுதானே சொன்னேன்" என்றார். மூன்று நாள் துயரம் ஒரு வினாவால் தீர்ந்தது. கேளாதிருந்தால் அது முப்பது ஆண்டு வடுவாக நின்றிருக்கும்.

3. ஏஷணா சமிதி: உணவில் கவனம்

அயல்நாட்டில் நம் உணவொழுக்கம் குலைவதற்குப் பெரும்பாலும் அறியாமையே காரணம். காய்கறி என்று எழுதப்பட்டிருப்பினும் அதில் சிப்பிச் சாறு கலந்திருக்கலாம். மிளகாய்ச் சாந்தில் பெலாச்சான் எனப்படும் இறால் விழுது இருக்கலாம். குழந்தைகளின் இனிப்பில் விலங்கெலும்பு, தோல் ஆகியவற்றிலிருந்து எடுக்கப்படும் ஜெலட்டின் இருக்கலாம். கேட்டறிந்தும் உறைமேல் எழுதியிருப்பதைப் படித்தும் வாங்குதல் ஏஷணையின் முதற்படி.

இரவு உண்ணாமை இதனினும் கடினமானது. சிங்கப்பூர் நிலநடுக்கோட்டை அடுத்து இருப்பதால் கதிரவன் மறைவதும் ஆண்டு முழுவதும் ஏறத்தாழ 7 மணிக்கே. மகன் வீடு திரும்புவதோ ஏழரைக்கு. தாயார் ஆறு மணிக்கே உணவை முடித்து விடுவார். இதனால் ஒரே வீட்டில் இருந்தும் தாயும் மகனும் ஒன்றாக அமர்ந்து உண்டு வாரங்கள் ஆகியிருந்தன.

இங்கு விரதத்தைக் கைவிடுமாறு தாயாரிடம் கூறுதல் தகாது. மகனைக் கடிந்து கூறுதலும் பயனற்றது. வேறொரு வழி கண்டனர். சனி, ஞாயிறு இரு நாட்களிலும் குடும்பம் முழுவதும் ஆறு மணிக்கே ஒன்றாக அமர்ந்து உண்பது. மற்ற நாட்களில் மகன் சிற்றுண்டியைத் தூக்குப் பாத்திரத்தில் எடுத்துச் சென்று, கதிரவன் மறையுமுன் அலுவலகத்திலேயே உண்பது. வாரத்தில் மூன்று நாட்களேனும் இது நிறைவேறிற்று. வீடு திரும்பியதும் அடுப்பு மூட்ட வேண்டியதில்லை என்பதால் மருமகளுக்கும் ஒரு மணி நேரம் மிஞ்சிற்று.

மற்றொன்றும் கூற வேண்டும். கீழ்வீட்டுச் சீன மூதாட்டி பௌத்த சமயத்தவர். சந்திர மாதத்தின் முதல் நாளிலும் பதினைந்தாம் நாளிலும் அவர் புலால் உண்பதில்லை. அந்நாட்களில் வெங்காயமும் பூண்டும் விலக்குவார். சீன பௌத்தர் பலரிடம் இவ்வழக்கம் உண்டு. உரலொலி நின்றபின், நம் தாயார் பூசணிக் கூட்டு ஒரு கிண்ணம் கொண்டு சென்று, வெங்காயமும் பூண்டும் சேரவில்லை என்று பேத்தியின் உதவியால் தெரிவித்தார். அன்றுமுதல் மொழியறியா அவ்விருவரும் மாலையில் கீழ்த்தளத்துப் பலகையில் அருகருகே அமர்வாராயினர். நாம் அட்டமி, சதுர்த்தசி நாட்களைப் போற்றுவதுபோல் அவர்களும் திதி போற்றுகின்றனர் என்பதைத் தாயார் எமக்கு வியப்புடன் கூறினார்.

4. ஆதாந நிக்ஷேபண சமிதி: எடுத்தலிலும் வைத்தலிலும் கவனம்

முனிவர் கமண்டலத்தை எடுக்கும்போதும் வைக்கும்போதும் மயிற்பீலியால் இடத்தைத் தூய்மை செய்து வைப்பர். அவருக்குப் பொருள் சில. நமக்கோ பொருள்கள் எண்ணில.

அவ்வீட்டில் தாயாரின் அறையில் அடுக்கியிருந்தவற்றைக் கணக்கிட்டோம். திறவாத அட்டைப்பெட்டிகள் 14, பயன்படாத பயணப்பெட்டிகள் 5, உடற்பயிற்சிப் பொறி ஒன்று, வளர்ந்துவிட்ட குழந்தையின் தொட்டிலும் தள்ளுவண்டியும். அவற்றிற்கிடையே பாய் விரிக்கும் அளவு இடத்தில் அவர் படுத்திருந்தார். உண்மையில் அவ்வீட்டில் இடம் பிடித்திருந்தவர் தாயார் அல்லர்.

மிகுபொருள் விரும்பாமை என்னும் அணுவிரதம் பொருளுக்கு எல்லை கட்டுதலாகும். சிறிய வீட்டில் அது வெறும் ஏட்டுப் பாடமன்று. வாடகை கொடுத்துப் பெற்ற ஒவ்வொரு சதுர அடியையும் நாம் எப்பொருளுக்கு ஒதுக்குகிறோம் என்பது நாள்தோறும் எழும் வினா. அக்குடும்பத்தார் ஒரு ஞாயிறு முழுவதும் செலவிட்டுப் பெட்டிகளைத் திறந்து, வேண்டாதவற்றைத் தேவைப்பட்டோர்க்கு அளித்தனர். புதிய பொருள் ஒன்று வாங்கினால் பழைய பொருள் ஒன்று வெளியேற வேண்டும் என்று எல்லை வகுத்தனர். தாயாருக்கு ஓர் அலமாரியும், சன்னலருகே ஒரு நாற்காலியும், நெஞ்சுயரத்தில் அருகன் படம் வைக்க ஒரு தட்டும் கிடைத்தன. வாடகை வீட்டுச் சுவரில் ஆணி அடிக்க உரிமையாளர் இசைவு வேண்டுமாதலால், படம் அலமாரியின் மேலேயே வைக்கப்பட்டது.

சன்னல் விளிம்பில் எதையும் வைத்தலாகாது. பதினோராம் மாடியிலிருந்து விழும் பூந்தொட்டி கீழே செல்வோரின் உயிரைப் போக்கும். சன்னல்கள் பெயர்ந்து விழுந்தமையால் 2004-ஆம் ஆண்டு முதல் பக்கவாட்டில் திறக்கும் சன்னல்களின் அலுமினிய ஆணிகளைத் துருப்பிடிக்காத எஃகு ஆணிகளாக மாற்றுவது அங்குக் கட்டாயமாக்கப்பட்டது. அரசு சட்டத்தால் விதிப்பதை நாம் அகிம்சையால் முன்னரே செய்யக் கடமைப்பட்டவர்கள்.

5. உத்ஸர்க்க சமிதி: கழிவை விடுத்தலில் கவனம்

உயிரில்லாத இடத்தில், பிறர்க்கு ஊறு நேராவண்ணம் கழிவை விடுத்தல் இது. அங்குப் பழைய கட்டிடங்களில் சமையலறையிலேயே குப்பை விழும் குழல் உண்டு. புதியவற்றில் பொது நடையில் உண்டு. ஈரக் கழிவைப் பையில் கட்டாமல் போட்டால் குழலின் உட்புறம் ஒட்டிக் கரப்பான் பெருகும். பின்னர் நஞ்சு தெளித்து அவற்றைக் கொல்வர். அக்கொலைக்குக் காரணமாயிருந்தவர் பையைக் கட்டாமல் போட்டவரே.

கொசுவும் அவ்வாறே. டெங்குக் காய்ச்சலைப் பரப்பும் ஏடிஸ் கொசு, தேங்கிய தெளிநீரில் முட்டையிடும். ஒரு வாரம் அளவில் அது பறக்கும் கொசுவாகும். துளசித் தொட்டியின் கீழ்த்தட்டில் நிற்கும் சிறிது நீரே போதும். தேங்கும் நீரை நாள்தோறும் அகற்றிவிட்டால் அங்கே உயிர் தோன்றாது. தோன்றாத உயிரைக் கொல்ல வேண்டிய நிலையும் வராது. அங்கு வீடு வீடாக ஆய்வு செய்து, கொசுப்புழு கண்டால் தண்டம் விதிக்கின்றனர். சிராவகர் தண்டத்திற்கு அஞ்சியன்றிக் கொலைக்கு அஞ்சி இதனைச் செய்ய வேண்டும்.

துணி உலர்த்த அங்கே சன்னலுக்கு வெளியே மூங்கில் கழியை நீட்டுவர். பிழியாத சேலையின் நீர் கீழ்வீட்டார் உலர்த்திய துணிமேல் சொட்டும். நன்கு பிழிந்தபின் உலர்த்துதல் வேண்டும். நடைவழியில் செருப்பு நிலைப்பேழையும் மிதிவண்டியும் அடைத்துக்கொள்ளாமல், தீ நேரும்போது மக்கள் வெளியேற 1.2 மீட்டர் அகலமேனும் விடுதல் அங்குள்ள விதி.

முடிவுரை

அத்தாயார் பயணச்சீட்டைக் கேட்டதை மீண்டும் நினைவூட்டவில்லை. ஆறு மாதமும் இருந்து, குறித்த நாளில் ஊர் திரும்பினார். அவ்வீடு அவருக்குப் பழகிவிட்டது என்று கூறினால் அது மிகை. கிணற்றடியும் கோயில் மணியோசையும் இல்லாத ஏக்கம் இறுதிவரை இருந்தது. குளியலறைக்குச் சமையலறை வழியே செல்வதை அவர் மனம் ஒப்பவேயில்லை. சமையலுக்கு முன்பு நாள்தோறும் அத்தரையைத் தாமே கழுவிவந்தார். ஆனால் விமான நிலையத்தில் மருமகளிடம், "அலமாரியில் என் புடவை இரண்டை வைத்திருக்கிறேன், அடுத்த முறை வரும்போது தூக்கிவர வேண்டாமல்லவா" என்று கூறியதை நாம் அருகிருந்து கேட்டோம்.

பிள்ளைகளை வெளிநாட்டிற்கு அனுப்பும் பெற்றோர் ஊறுகாயும் பொடியும் கட்டித் தருகின்றனர். அவற்றோடு இவ்வைந்து சமிதிகளையும் கற்பித்து அனுப்புவார்களாயின், எத்துணைச் சிறிய வீட்டிலும் இல்லறம் குறைவின்றி நடைபெறும்.

குடும்பத்தினர் கூடிச் சிந்திக்க:

1. நம் வீட்டில் ஓராண்டாக எடுத்துப் பயன்படுத்தாத பொருள்கள் எவை? அவை யாருடைய இடத்தைக் கொண்டிருக்கின்றன?

2. செவியில் தற்செயலாக விழுந்த சொல்லால் நாம் எவரிடமேனும் மனம் வேறுபட்டிருக்கிறோமா? அவரிடம் நேரில் கேட்டோமா?

3. வாரத்தில் எத்தனை நாட்கள் கதிரவன் மறையுமுன் குடும்பம் முழுவதும் ஒன்றாக அமர்ந்து உண்கிறோம்? அதனை ஒரு நாளேனும் கூட்ட இயலுமா?

4. நம் வீட்டின் ஒலியும் நீரும் கழிவும் எவர் வீட்டைச் சென்றடைகின்றன?

அறம் வளர்க!